கிட்டார் டேப் மென்பொருளில் நோட்டு உள்ளிடுதல்: ஆறு ஆண்டு அனுபவம்

மார்த்தாண்டத்தை அடுத்துள்ள எங்கள் சபையின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் மூவருக்கும் டேப், அதாவது எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று எண்களால் காட்டும் குறிப்பு, எழுதித் தரும் வேலை ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இதற்கு நான் பயன்படுத்துவது, விலையின்றிக் கிடைப்பதும் கிட்டார் புரோ என்ற இன்னொரு டேப் மென்பொருளின் ஜிபி5 கோப்புகளைத் திறக்கக்கூடியதுமான டக்ஸ்கிட்டார் மென்பொருள். ஒலியின் தரத்தை விட்டுவிட்டு, நோட்டுகளை உள்ளிடும் முறையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அம்புக்குறி விசைகளால் தந்தியைத் தேர்ந்து, ஃபிரெட் (கிட்டாரின் கழுத்திலுள்ள கட்டு) எண்ணைத் தட்டினால் நோட்டு விழுகிறது; 12-ஆவது ஃபிரெட்டுக்கு 1, 2 இரண்டையும் தயங்காமல் அடுத்தடுத்துத் தட்ட வேண்டும். கூட்டல், கழித்தல் விசைகள் கால அளவை மாற்றுகின்றன. கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று பழைய எண்சுவடியில் இருக்கும் பின்னங்களும் நோட்டு அளவுகளும் ஒன்றே என்பதால், குவேவர் (அரைக்கால்), செமிகுவேவர் (வீசம்) என்றபோது விழித்த எங்கள் பேஸ் கிட்டார் அண்ணனுக்கு அந்தப் பெயர்களைச் சொல்லியே விளக்கினேன்.

முதல் ஆண்டில் நான் செய்த பெரிய தவறு, இரவல் வாங்கிய மிடி கீபோர்டில் ராகத்தை வாசித்து உள்ளிட்டதுதான். இசைக்கருவிகளும் கணினியும் நோட்டுச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறையில் ஒரு நோட்டுக்குச் சுருதி எண் உண்டே தவிர, அது எந்தத் தந்தியில் பிடிக்கப்பட்டது என்ற செய்தி அந்த எண்ணில் இல்லை. திறந்த முதல் தந்தி, இரண்டாம் தந்தியின் 5-ஆவது ஃபிரெட், மூன்றாவதன் 9, நான்காவதன் 14 ஆகிய நான்குமே மிடிக்கு 64 என்ற ஒரே எண். இதனால் கீர்த்தனையின் ஒரு வரியே மூன்று இடங்களுக்குச் சிதறி, கேட்க நன்றாகவும் பிடிக்க முடியாததாகவும் வந்தது. இப்போது கிட்டாரை மடியில் வைத்து, விரல் போகும் இடத்தை உறுதிசெய்த பிறகே எண்ணைத் தட்டுகிறேன். வேகம் குறைவுதான், ஆனால் கேரல் ரவுண்ட்ஸில் இருட்டில் நின்று வாசிக்கும் பிள்ளைகளுக்கு அந்த எண்களை நம்பிக் கொடுக்க முடிகிறது.

ஒரு தட்டு மூன்றாகப் பிரியும் திஸ்ர நடைப் பாடல்களில் வேறொரு சிக்கல் வந்தது. அவற்றை 12/8-இல் எழுதும்போது நாம் தாளம் போடுவது புள்ளி வைத்த கால் நோட்டுக்கு. மென்பொருளில் வேகத்தைக் குறிக்கும் டெம்போ எண்ணோ வெறும் கால் நோட்டைக் கணக்கிடுகிறது. நிமிடத்துக்கு 60 தட்டு வேண்டுமென்றால் 90 என்று கொடுக்க வேண்டும். இதை அறியாமல் 60 என்றே கொடுத்துவிட்டு, பாட்டு அடக்க ஆராதனைக்குரியதுபோல் இழுக்கிறதே என்று ஒரு மாலை முழுவதும் நோட்டுகளின் அளவைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இன்றுவரை எனக்கு முழுத் திருப்தி தராதது கமகம். தந்தியை வளைத்துச் சுருதியை ஏற்றும் பெண்ட் வசதியில், அதை எப்போது, எவ்வளவு இழுப்பது என்பதை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறிக்கலாம். தந்தியை இழுத்தால் சுருதி ஏறவே செய்யும் என்பதால், மேல் சுரத்திலிருந்து வழுக்கி இறங்கும் பிடிகளை முன்கூட்டியே இழுத்து வைத்துத் தளர்த்துவதாக எழுத வேண்டியிருக்கிறது. அதோடு, மிடியில் சுருதி வளைவு என்பது சேனல், அதாவது நோட்டுகள் செல்லும் ஒரு தடம், முழுவதற்குமான கட்டளை. ஒரு தந்தியை வளைக்கும்போது அதே சேனலில் ஒலிக்கும் மற்ற நோட்டுகளும் சேர்ந்து வளைந்துவிடும். ஆகவே ராகத்தையும் கார்டுகளையும் தனித்தனி டிராக்குகளில் எழுதுகிறேன். மிக நுண்ணிய அசைவுகளுக்கு வைப்ரேட்டோ (சுருதி நடுக்கம்) குறியை மட்டும் இட்டு, சனிக்கிழமை ஒத்திகையில் கையால் வாசித்துக் காட்டிவிடுகிறேன்.