எச்சரிக்கை: சவாரிக்கு முந்தின நாள் மாலை கைக்கு வரும் ‘ஃபுல் சர்வீஸ்’ சைக்கிள்

நிதி திரட்டும் நெடுந்தூரச் சவாரிகளுக்குப் பேர் கொடுப்பவர்களைக் குறிவைத்து ஒரு ‘தயாரிப்புப் பேக்கேஜ்’ விற்கப்படுகிறது. 12 வாரப் பயிற்சி அட்டவணை, உடம்புக்கேற்ப சைக்கிளைப் பொருத்தித் தரும் ‘ஃபிட்டிங்’, கடைசியில் ஒரு ஃபுல் சர்வீஸ். மூன்றுக்கும் சேர்த்து முன்பணம். அப்படி ஒரு பேக்கேஜில் தயாரான சைக்கிள் ஒன்று 160 கிலோமீட்டர் சவாரிக்குப் போனது. முதல் பெரிய ஏற்றத்திலேயே செயின் நழுவத் தொடங்கியது. அதற்கடுத்த இறக்கத்தில் பின் பிரேக் கீச்சிட்டதே தவிரப் பிடிக்கவில்லை. பாதி வழியில் உதவி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். பிறகு அதைப் பிரித்துப் பார்த்தபோது கண்ணில் பட்டதை, பில்லில் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டு இங்கே எழுதுகிறோம். கடையின் பேரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையைச் செய்யும் கடைகள் நிறைய.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. சைக்கிள் திரும்பக் கைக்கு வந்தது சவாரிக்கு முந்தின நாள் மாலை. ‘கடைசி நேரத்தில் செய்தால்தான் புத்தம் புதுசாக இருக்கும்’ என்று காரணம் சொன்னார்களாம். நேர் எதிர்தான் உண்மை. புதுக் கியர் கேபிள் முதல் சில சவாரிகளில் கொஞ்சம் தளரும். கோட்டம் எடுத்த சக்கரம் சில நாள் ஓடிய பிறகுதான் நிலைப்படும். புது டிஸ்க் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) வேகத்திலிருந்து இருபது முப்பது தடவை அழுத்தி நிறுத்திய பிறகுதான் முழுப் பலம் காட்டும். வேலை தெரிந்த மெக்கானிக் மூன்று வாரம் முன்பே சைக்கிளைக் கேட்பார், ஓட்டிவிட்டு ஒரு தடவை திரும்பக் கொண்டுவரச் சொல்வார். முந்தின நாள் கொடுத்தால் லாபம் கடைக்குத்தான்: ஓட்டிப் பார்க்க நேரமில்லை, கேள்வி கேட்க ஆளில்லை.

இனி பில். ‘புதுச் செயின், புதுக் கேசட்’ என்று இருந்தது. கேசட் என்பது பின் சக்கரத்தில் உள்ள பல்சக்கர அடுக்கு. செயின் நிஜமாகவே புதுசு. அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்: செயின் பளபளவென்று கண்ணுக்குத் தெரியும், கேசட்டை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கேசட் பழையதுதான். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டீகிரீசரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி மாட்டியிருந்தார்கள். சர்வீஸுக்கு முன் எடுத்த பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஸ்போக் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் இருந்த அதே கீறல் இதிலும் இருந்தது. பழைய கேசட் எங்கே என்று கேட்டதற்குக் கடையில் வந்த பதில், ‘தூக்கிப் போட்டாச்சு.’

இதில் காசு போனது ஒரு பக்கம். பழைய கேசட்டில் புதுச் செயின் போடுவது, இரண்டையும் மாற்றாமல் விடுவதைவிட மோசம். செயினில் ஒரு ரிவெட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். ஓட ஓட ரிவெட்டும் அதைச் சுற்றியுள்ள உள்பாகமும் தேய்ந்து இந்த இடைவெளி கூடும். கூடின செயின் பல்லின் மேல்பக்கமாக ஏறி உட்கார்ந்து இழுக்கும், பல்லும் அந்த அளவுக்கே தேய்ந்து ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளையும். பழையதும் பழையதும் ஒத்துப்போய் ஓடிக்கொண்டிருக்கும், சத்தம்கூட வராது. அதன்மேல் சரியான இடைவெளியுள்ள புதுச் செயினைப் போட்டால், பாரம் பல பற்களில் பரவாமல் ஒன்றிரண்டில் மட்டும் விழும். எழுந்து நின்று மிதித்ததும் செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கும். கால் சட்டென்று காற்றில் இறங்கும், முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும், ஆளே கீழே விழலாம்.

எந்தக் கியரில் குதிக்கும் என்பதையும் கவனியுங்கள். அதிகம் ஓட்டிய கியர்களில், பெரும்பாலும் சின்னப் பல்சக்கரங்களின் பக்கத்தில். பற்கள் குறைவு என்பதால் அவைதான் சீக்கிரம் தேயும். ஸ்டாண்டில் தூக்கிவைத்துக் கையால் பெடலைச் சுற்றினால் இந்தக் கோளாறு ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் பாரமே இல்லை. ‘பாருங்க, எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுது’ என்று ஸ்டாண்டில் சுற்றிக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். ரோட்டில் ஒவ்வொரு கியராக மாற்றி, ஒவ்வொன்றிலும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி பலமாக மிதித்துப் பாருங்கள்.

செயின் அளக்க ஒரு இரும்பு அடிக்கோல் போதும். ஒரு ரிவெட்டின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 24 இடைவெளி தள்ளியுள்ள ரிவெட் 304.8 மில்லிமீட்டரில், அதாவது சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். 11, 12 வேகச் செயின் (கேசட்டில் அத்தனை பல்சக்கரங்கள் உள்ள சைக்கிளின் செயின்) 1.5 மில்லிமீட்டர் நீண்டால் மாற்ற வேண்டிய நேரம். 9, 10 வேகத்துக்கு 2.3 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம். 3 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் கேசட்டும் அநேகமாகச் சேர்ந்தே போயிருக்கும். சர்வீஸுக்கு விடுவதற்கு முன்பே இதை அளந்து குறித்துக்கொண்டால், செயின் மட்டும் போதுமா, கேசட்டும் வேண்டுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கடைக்காரர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரேக் கதை இதைவிட அநியாயம். செயினும் சட்டமும் மின்ன வேண்டும் என்று ஸ்பிரே எண்ணெயை அடித்திருக்கிறார்கள். அந்தப் புகை பின் டிஸ்க்கில் படிந்து, அங்கிருந்து பேடுக்குள் இறங்கிவிட்டது. பேட் எண்ணெயைக் குடித்தால் அதன் அடையாளம் இரண்டு: வறட்டுக் கீச்சொலி, எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கல். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைத்தால் சரியாகிவிடும். பேடை உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம், ஆனால் எண்ணெய் ஆழமாக ஊறியிருந்தால் மாற்றுவதுதான் வழி. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்குச் செயின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்: ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, சில நிமிடம் சுற்றவிட்டு, வெளியே கசிந்ததை முழுக்கத் துடைக்க வேண்டும். எண்ணெய்க்கு உள்ளேதான் வேலை, வெளியே மினுமினுப்பது தூசி பிடிக்க மட்டுமே உதவும். சர்வீஸ் முடிந்த சைக்கிள் ஈரமாக மின்னினால் சந்தேகப்படுங்கள்.

டிஸ்க்கின் தடிமனையும் ஒரு தடவை பாருங்கள். ஷிமானோ டிஸ்க்குகளில் குறைந்தபட்ச அளவு 1.5 மில்லிமீட்டர் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். பேடில் உராயும் பொருள் 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் ‘ஆயில் மாற்றியது’ என்று பில்லில் இருந்தால் எந்த ஆயில் என்று கேளுங்கள். ஷிமானோவுக்கு மினரல் ஆயில். டாட் (DOT) வகை பிரேக் திரவத்தை அதில் ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் பிரேக்கைத் தொடவிடாதீர்கள்.

‘ஹப் ஓவராயிலிங், கிரீஸ்’ என்று இன்னொரு வரி. ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, பிரிக்கவே இல்லை. இதைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். கோனும் (அச்சில் பால்ஸைத் தாங்கும் கூம்பு நட்டு) அதைப் பூட்டும் லாக்நட்டும் சேருகிற இடத்தில் மாதக்கணக்கில் படிந்த அழுக்கு ஒரு மெல்லிய கறுப்பு வளையமாக இறுகியிருக்கும். நட்டைத் திருப்பினால் அந்த வளையம் உடைந்தே தீரும். இந்தச் சைக்கிளில் அது முழுசாக, வரைந்த கோடுபோல் அப்படியே இருந்தது. நிஜமாகவே பிரித்திருந்தால் முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 பால்ஸ், பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 என்று எண்ணிச் சொல்ல முடியும்; சாதாரண கோன் ஹப்புகளில் இதுதான் வழக்கமான எண்ணிக்கை. உங்கள் ஹப்பில் இருப்பது கோன் இல்லாத, மூடிய பேரிங் என்றால் ‘கிரீஸ் வைத்தது’ என்ற வரியே பெரும்பாலும் கதை. அந்த வகை தேய்ந்தால் பேரிங்கையே மாற்றுவார்கள்.

கோட்டம் எடுத்ததிலும் பாதி வேலைதான். வளைந்த இடத்தில் ஒரே ஒரு ஸ்போக்கை முறுக்கு முறுக்கென்று முறுக்கி ரிம்மை நேராக்கியிருந்தார்கள். பார்வைக்கு நேராகச் சுற்றும், ஆனால் அந்த ஸ்போக் மேல் பாரமெல்லாம் ஏறி, பக்கத்து ஸ்போக்குகள் தளர்ந்து, கொஞ்ச தூரத்திலேயே மறுபடி கோணும் அல்லது ஸ்போக் அறும். விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேளுங்கள். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின் சக்கரத்தில் கேசட் பக்கம் உச்சமாகவும் எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் ஒலிப்பது இயல்பு, அதைக் குறையாக எண்ணாதீர்கள். பக்கவாட்டு ஆட்டத்துக்கு, சட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, அதன் நுனி ரிம்மைத் தொடாமல் தொடும்படி வைத்துச் சுற்றுங்கள். அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல வேலை.

ஃபிட்டிங்குக்கு வருவோம். கால் மணி நேரத்தில் முடிந்ததாம், ஆளை ஒரு நிமிடம்கூட மிதிக்க வைக்கவில்லை. சீட்டை ஒரேயடியாக 2 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டார்கள். அதுவும் அதே முந்தின நாள் மாலை! மூன்று மாதமாக ஓர் உயரத்துக்குப் பழகிய முட்டி, மறுநாள் ஆயிரக்கணக்கான தடவை வேறொரு கோணத்தில் மடங்க வேண்டும். முட்டிக்குப் பின்னால் வலி வந்தால் சீட் அதிக உயரம், முன்னால் வந்தால் அதிகத் தாழ்வு என்பது பொதுக்கணக்கு. இங்கே வந்தது பின்னால்.

சீட் உயரத்துக்குப் பழைய கணக்கொன்று உண்டு. வெறுங்காலில் சுவரை ஒட்டி நின்று, கவட்டிலிருந்து தரை வரை அளந்து 0.883-ஆல் பெருக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அந்த உயரம். ஷூவின் தடிமன், கிராங்க் நீளம் பொறுத்து மாறும் என்பதால் இது தொடக்கம் மட்டுமே. பிறகு பெடல் அடியில் இருக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி வரை மடங்குகிறதா, பின்னாலிருந்து பார்த்தால் இடுப்பு ஆடுகிறதா என்று மிதிக்க வைத்துப் பார்த்தால்தான் அது ஃபிட்டிங். மாற்றம் எப்போதும் 3 முதல் 5 மில்லிமீட்டராக, இரண்டு மூன்று சவாரிக்கு ஒரு தடவை. சவாரிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எதையும் தொடக் கூடாது. முடிந்ததும் மூன்று அளவை எழுதி வாங்குங்கள்: சீட் உயரம், சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடு வரை உள்ள தூரம், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உயர வித்தியாசம். எழுதித் தர மறுத்தால் அளக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘உங்களுக்கென்றே தயாரித்தது’ என்று கொடுத்தார்கள்; இன்னொருவரிடமும் அதே தாள், பேர் மட்டும் வேறு. இதயத்துடிப்பு வரம்புகள் எல்லாம் 220-லிருந்து வயதைக் கழித்து வந்தவை. அந்தக் கணக்கு ஒருவருக்கு 10, 12 துடிப்பு வரை தாராளமாகத் தவறலாம். நீண்ட சவாரி ஒரே வாரத்தில் 60-லிருந்து 110 கிலோமீட்டருக்குத் தாவியது, கடைசி வாரத்தில் ‘நம்பிக்கைக்காக’ ஒரு 120. 160 கிலோமீட்டருக்கு ஒழுங்கான அட்டவணை என்றால் வாரத்தின் நீண்ட சவாரி ஏறக்குறைய இப்படிப் போகும்: 40, 50, 60, பிறகு இறங்கி 45, 65, 80, 95, மறுபடி 70, 105, 120, பிறகு 70, கடைசி வாரம் சின்னச் சின்னதாக, கால் மறக்காத அளவுக்கு. உச்சம் இலக்கில் முக்கால் பங்கு போதும். வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், இப்போது அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், பழைய காயம் உண்டா என்று கேட்காமல் வந்த தாள் யாருக்கும் பொருந்தாது.

பேக்கேஜோடு பைநிறைய ஜெல்லும் (ஓட்டும்போது தின்னும் சத்துக் கூழ்) கொடுத்திருக்கிறார்கள், சவாரியன்று பிரித்துக்கொள்ளச் சொல்லி. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது சரியான அளவுதான். ஆனால் பயிற்சியில் ஒரு தடவைகூடத் தின்று பழகாததைச் சவாரியன்று தின்றால் வயிறு சும்மா இருக்காது.

‘இதில் ஒரு பங்கு நிதிக்குப் போகும்’ என்று பேக்கேஜ் அட்டையில் போட்டிருந்தது. எங்களைக் கேட்டால் மொத்த ஏமாற்றுக்கும் சாவி இந்த வரிதான். நல்ல காரியத்துக்குப் போகிற காசில் கணக்குக் கேட்பதா என்று கூசிப் பலர் பில்லைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கூசாமல் கேளுங்கள். நன்கொடை என்றால் ரசீது அந்த அறக்கட்டளையின் பேரில் வர வேண்டும். கடையின் பேரில் வந்தது சர்வீஸ் கட்டணம், அவ்வளவுதான். எவ்வளவு தந்தார்கள் என்று அறக்கட்டளையிடமே நேரில் கேட்டுவிடலாம், அதில் தப்பே இல்லை.

சைக்கிளை விடும்போது: கேசட், செயின், பேட், ஹப், சீட் குழாய் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள், சட்டத்தின் எண்ணையும் சேர்த்து. கேசட்டின் உள்பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி. சீட் குழாயில் இப்போதைய உயரத்தில் ஒரு சுற்று டேப். மாற்றிய பழைய பாகங்கள் அனைத்தும் வேண்டும் என்று விடும்போதே எழுதி வாங்குங்கள், திரும்ப எடுக்கும்போது கேட்டால் அவை கிடைக்காது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் கழுவாதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், நட்டைத் தொடாதீர்கள். அந்த அழுக்கு வளையமும் பழைய கீறலும்தான் சாட்சி. வேறொரு மெக்கானிக் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று, பிரிப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று படம் எடுங்கள். ‘சர்வீஸ் சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ‘சவாரியில்தான் கெட்டது’ என்று கடை கைகழுவிவிடும். பில்லின் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு படம், ஓர் அளவு என்று வைத்து எழுதுங்கள். இந்தச் சைக்கிளின் பில்லில் இருந்தது ஒன்பது வரி. எழுதிக் கொடுத்ததும் ஆறு வரிக்கான பணம் திரும்பி வந்தது.