கழித்தால் மிஞ்சும் நைட்ரஜன்: ஆட்டோகிளேவா, எரிப்புக் கருவியா?

கடல்நீரில் கரைந்துள்ள கரிம நைட்ரஜனை நேரடியாக அளக்க முடியாது. மொத்த நைட்ரஜனை அளந்து நைட்ரேட், நைட்ரைட், அம்மோனியம் மூன்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் அது. மொத்தத்தை அளக்க, பெர்சல்பேட் என்ற ஆக்சிஜனேற்றியைச் சேர்த்து, ஆட்டோகிளேவ் என்ற உயரழுத்தக் கலத்தில் 120 பாகையில் வேகவைக்கலாம். அல்லது பிளாட்டினம் வினையூக்கியின் மேல் 700 பாகையை ஒட்டிய சூட்டில் எரிக்கலாம். புற ஊதா விளக்கு முறையும் உண்டு. சில சேர்மங்களை அது முழுதாகச் சிதைப்பதில்லை என்பதால் அதன் பக்கமே போகவில்லை.

எரிப்புக் கருவி வேகமானது. ஊசியால் ஒருமுறை நீரைச் செலுத்தினாலே கரிம கார்பனையும் சொல்லிவிடும். கார்பனும் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் அதையே வாங்கலாம். ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 100 மைக்ரோலிட்டர் வீதம் நூறு ஊசி போட்டால் வினையூக்கியின் மேல் மூன்றில் ஒரு கிராம் உப்பு படிந்துவிடும். ஒரு பருவம்தான் அதை ஓட்டினேன். அதற்குள்ளேயே குழாய் கழுவி அலுத்துவிட்டது.

என்னை பெர்சல்பேட் பக்கம் தள்ளியது உப்பல்ல, அந்தக் கழித்தல். வங்காள விரிகுடாவின் மேல்நீரில் நைட்ரேட் பெரும்பாலும் மிகச் சொற்பம். அங்கே எந்த முறையும் தேறிவிடும். ஆழத்தில் நைட்ரேட் லிட்டருக்கு 30 மைக்ரோமோல், கரிம நைட்ரஜன் 3 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 33. எரிப்புக் கருவி ஒரு சதவீதம் கூட்டிக் காட்டி, நைட்ரேட்டை வேறொரு கருவி சரியாகச் சொன்னால் விடை 3.33; பிழை பதினொரு சதவீதம். பெர்சல்பேட் எல்லா நைட்ரஜனையும் நைட்ரேட்டாக்கிவிடுகிறது. செரித்த (பெர்சல்பேட்டோடு வேகவைத்த) நீரும் செரிக்காத நீரும், நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி அளக்க உதவும் ஒரே காட்மியம் குழலில், செறிவு தெரிந்த ஒரே திட்டக் கரைசலோடு ஓடுகின்றன. அளவுத்திருத்தம் ஒரு சதவீதம் பிசகினாலும் இரு பக்கமும் சேர்ந்தே பிசகும்: 33.33 கழித்தல் 30.30, விடை 3.03.

இதற்கு விலை உண்டு. கடையில் வாங்கும் பெர்சல்பேட்டிலேயே நைட்ரஜன் கலந்திருக்கும். கடல்நீர் சேர்க்காத வெற்று மாதிரியே கரிம நைட்ரஜன் அளவுக்கு ஏறி என்னைப் பயமுறுத்தியிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் குளிரவைத்து, இரண்டு முறை மறுபடிகமாக்கிய பிறகுதான் அடங்கியது. ஒவ்வொரு தொகுதியிலும் யூரியா சேர்த்த மாதிரி ஒன்றையும் வைக்கிறேன். முழு நைட்ரஜனும் திரும்பி வராவிட்டால் அந்தத் தொகுதியையே கணக்கில் சேர்ப்பதில்லை. கரிமப் பொருள் மிகுந்த கழிமுக நீரில் இதே அளவு பெர்சல்பேட் போதுமா என்று கேட்டால், நான் வேலை செய்தது திறந்த கடல் நீரோடு மட்டும்தான்.