பிரேக்கில் நான் பூட்டிய ஸ்பிலிட் பின்கள்: ஓட்டோக்காரர்கள் தயவுசெய்து பாருங்கள்

போன மாதக் கடைசிக் கிழமையில் திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம் உள்ள என் கராஜில் பின்பக்க பிரேக் வேலை செய்துகொண்ட யாராவது இதைப் படித்தால், முதலில் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். பின்பக்கச் சில்லு இரண்டின் நடுவிலும் இருக்கிற பெரிய நட்டைப் பாருங்கள். மூடி இருந்தால் கழற்றிப் பாருங்கள். நட்டுக்குக் குறுக்கே ஒரு ஸ்பிலிட் பின் போயிருக்கும். அதன் இரண்டு காலும் முழுதாக இருக்க வேண்டும். ஒரு காலைக் காணவில்லை, அல்லது வளைந்த இடத்தில் வெடிப்புத் தெரிகிறது என்றால் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன். காசு வேண்டாம்.

வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பிரேக் சூ மாற்ற வேண்டும் என்றால் ட்ரம்மைக் கழற்ற வேண்டும். அந்த ட்ரம்மை அச்சில் பிடித்து வைத்திருப்பது, தலையில் கோட்டை மதில் மாதிரிப் பள்ளம் பள்ளமாக வெட்டிய ஒரு நட். அதை இறுக்கிவிட்டு, பள்ளத்துக்கு நேரே அச்சில் இருக்கிற துளைக்குள் பின்னை விட்டு, அதன் கால்களை விரித்து மடக்கிவிட வேண்டும். அப்போதுதான் ஓட்டத்தில் நட் கழராது. மெதுவான கம்பியை மடித்துச் செய்த சின்னச் சாமான்தான் அந்தப் பின். ஆனால் அது போனால் நட் தளரும், ட்ரம் ஆடும், அச்சின் பல் தேயும், கடைசியில் சில்லு ஒரு பக்கம் போகும், வண்டி இன்னொரு பக்கம் போகும். லொறிகளிலும் இதே கதைதான். காற்று பிரேக்கில் தள்ளுதண்டையும், அது தள்ளிப் பிரேக்கைத் திருப்புகிற ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற கையையும் இணைக்கிற குறுக்குப் பின் நழுவாமல் இருப்பது ஒரு ஸ்பிலிட் பின்னால்தான். அது விழுந்து குறுக்குப் பின்னும் கழன்றுவிட்டால் அந்தச் சில்லில் பிரேக்கே கிடையாது.

இந்தக் கால்களை மடக்குவதற்கு எல்லோரும் மூக்குக் குறட்டையும் சுத்தியலையும்தான் பாவிக்கிறோம். நட் உள்ளே இறங்கி இருப்பதால் குறடு சரியாகத் திரும்பாது, கை விரல் மொளி உரசிப்போகும். அதனால்தான் டவுனில் ஒரு பார்ட்ஸ் கடையில் பின் வளைக்கிற டூல் ஒன்று கண்ணில் பட்டதும் ஆசைப்பட்டேன். கைப்பிடி, முனையில் ஆப்பு மாதிரி ஒரு மூக்கு, அதற்குக் கீழே ஒரு தவாளிப்பு. மூக்கைக் கால்களுக்கு நடுவே குத்தினால் விரியும், தவாளிப்பில் காலைப் பிடித்துத் திருப்பினால் அப்படியே மடங்கும். யோசனை நல்ல யோசனை, அதில் எனக்கு இப்போதும் குறையில்லை. கண்ணாடி மாதிரி மினுங்கியது. 'குரோம் வனேடியம்' என்று, உறுதியான டூல் உருக்கின் பெயரைப் பொறித்தும் இருந்தது.

"ஜப்பான் சாமான் தம்பி. உங்கட மகன்ர காலத்துக்கும் கிடக்கும்" என்றார் கடைக்காரர். 3,800 ரூபா. கூடவே ஒரு சின்னப் பெட்டி நிறைய ஸ்பிலிட் பின்னும் சும்மா தந்தார். பில் கேட்டேன். சிகரெட் மட்டையைக் கிழித்து விலையை மட்டும் எழுதித் தந்தார். நானும் பெரிய மனுசன் மாதிரி அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நாலு ஓட்டோவுக்கு அந்தப் பின்களைப் போட்டு அந்த டூலால் வேலை செய்தேன். ஐந்தாவதில், வலதுபக்கச் சில்லில், மூக்கு படாரென்று முறிந்து என் கன்னத்தில் பட்டது. கண்ணுக்கு ஒரு விரல் அகலம் கீழே. முறிந்த இடத்தைப் பார்த்தால் உருக்கு மாதிரி இல்லை, கற்கண்டை உடைத்த மாதிரிச் சாம்பல் நிறத்தில் மணி மணியாக இருந்தது.

கிண்ணியாவில் லேத் வைத்திருக்கிற ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் பேசாமல் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்தார். கைப்பிடியில் வைத்தார், ஒட்டியது. தலையில் வைத்தார், வழுக்கி விழுந்தது.

"தம்பி, தலை இரும்பே இல்ல. நாகம். வாளிக்குப் பூசுற நாகம். வார்த்தெடுத்து மேல குரோம் அடிச்சிருக்கான்."

அதோடு விட்டிருந்தால் என் 3,800 ரூபா போனது என்று இருந்திருப்பேன். அவர் அந்தப் பின் பெட்டியையும் கேட்டார். ஒன்றை எடுத்து, காலைக் குறட்டால் ஒருமுறை மடக்கி நிமிர்த்தினார். டிக் என்று கையோடு வந்தது. இன்னொன்று, அதுவும் அப்படித்தான். பிறகு தன் மேசை லாச்சியில் இருந்த ஒரு பின்னை எடுத்து மடக்கினார், நிமிர்த்தினார், திரும்ப மடக்கினார். அது முறியவில்லை. ஸ்பிலிட் பின் மிருதுவாக இருக்க வேண்டும், அதுதான் அதன் குணம். அந்த நல்ல பின்னையே ஒருமுறை மடக்கிக் கழற்றினால் திரும்பப் போடக்கூடாது என்பது, மடங்கிய இடம் இறுகிக் களைத்துப்போவதால்தான். என் பெட்டியில் இருந்ததோ பிறக்கும்போதே இறுகிய கம்பி.

எனக்கு வயிறு கலங்கியது. நாலு ஓட்டோ, எட்டுப் பின்.

அன்று மத்தியானமே கராஜைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டேன். முதல் ஆள் கோணேசர் கோயிலுக்கு ஆட்களை ஏற்றுகிற ஒரு ஐயா. பிரெட்றிக் கோட்டை வாசலில், மான்கள் நிற்கிற நிழலில் வண்டியைப் போட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னதும் சிரித்தார். "நேற்று மட்டும் ஏழு தரம் ஏறி இறங்கினேன் தம்பி, ஒண்டும் ஆகேல்ல." இடதுபக்கச் சில்லின் மூடியைக் கழற்றினேன். பின்னுக்கு ஒரு கால்தான் இருந்தது. மற்றக் கால் மூடிக்குள் கிரீஸோடு ஒட்டிக் கிடந்தது. நட் இன்னும் அசையவில்லை, நல்லகாலம். ஐயா அந்த முறிந்த காலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். என்னை ஏசியிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும்.

இரண்டாவது நிலாவெளியில். ஒரு பின் சரி, மற்றதில் நகத்தால் தடவினால் தெரிகிற வெடிப்பு. மூன்றாவது குச்சவெளியில் நின்றது. இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டி, வெயிலில், மோட்டார்சைக்கிளில் போனேன். நாலு காலும் முழுதாக இருந்தன. என்றாலும் மாற்றினேன். அவருக்குத்தான் கோபம் வந்தது, வேலை கெட்டுப்போன கோபம். நியாயம்தான்.

கடைக்கும் போனேன். கடைக்காரர் முறிந்த துண்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது சுத்தியலால அடிச்சு உடைச்ச சாமான். வித்தத நாங்க திருப்பி எடுக்கிறதில்ல."

மறைக்கவில்லை, மர மொங்கானால் ஒருமுறை லேசாகத் தட்டியிருக்கிறேன், அதையும் சொன்னேன். பிரேக் வேலைக்கு விற்கிற டூல் அந்தத் தட்டைத் தாங்காது என்றால் அது எதற்கு? பின்னைப் பற்றிக் கேட்டால், "அது சும்மா தந்ததுதானே." இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அந்த இடத்தில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது: சும்மா தந்தாலும் அதைச் சில்லில் போடத்தானே தந்தீர்கள்? கடைசியாகப் பில் எங்கே என்று கேட்டார். சிகரெட் மட்டையை நீட்டினேன். அதில் கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. அவர் கையெழுத்துத்தான் என்று நான் எப்படிக் காட்டுவது?

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பெட்டி இன்னும் எத்தனை கடையில் இருக்கிறதோ தெரியாது, ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் இதையே வாங்கி என்ன பிரயோசனம்? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்தேன், முறைப்பாட்டை எழுதியும் கொடுத்திருக்கிறேன். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கடையில் நிற்கும்போது நினைத்திருக்க வேண்டும்.

இனி வாங்கப் போகிறவர்கள் பொக்கெற்றில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். கைப்பிடியில் அல்ல, மூக்கில் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டினாலும் மெல்லிரும்பாக இருக்கலாம், அதற்கு அரம்: நன்றாகப் பதம் வைத்த உருக்கில் அரம் வழுக்கும், மெல்லிரும்பில் கடிக்கும். கடைக்காரர் அரம் போட விடமாட்டார் என்றால் அதுவே ஒரு பதில்தான். பின் வாங்கினால் ஒன்றைக் கடையிலேயே மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். ஒரு விசயத்தில் மட்டும் கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம்: 3.2 மில்லிமீற்றர் என்று போட்ட பின்னை அளந்தால் 2.9க்கு மேல் வராது. 3.2 என்பது துளையின் அளவு, பின் அதற்குள் போக வேண்டுமே. அது ஏமாற்று இல்லை.

நானா எனக்கு வேறொரு டூல் செய்து தந்தார். தலை மொட்டையான ஒரு பழைய பெரிய ஸ்குரூட்ரைவரின் நுனியில் கிரைண்டரால் ஒரு வெட்டு. கொஞ்சம் தேய்ப்பார், தண்ணீரில் முக்குவார், திரும்பத் தேய்ப்பார். நுனி நீலம் பாரித்தால் பதம் போய்விடுமாம். கூலி என்று ஒரு தேத்தண்ணி குடித்தார், அவ்வளவுதான்.

நாலாவது ஓட்டோவைத்தான் இன்னும் காணவில்லை. பச்சை நிறம், பின் கண்ணாடியில் மயிலிறகு ஸ்டிக்கர். அவசரமாக மூதூர் போக வேண்டும் என்றார், நான் இலக்கத்தைக் குறிக்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. கிண்ணியாப் பாலத்தடியிலும் மூதூர் ஸ்டாண்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வண்டியைக் கண்டால் மறித்துச் சொல்லுங்கள். இரண்டு நல்ல பின்னை ஒரு பேப்பரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன்.