அப்பாச்சி நைஃபை: கிளவுட் அட்டவணைகளில் பதிவுகளைச் சேர்க்கும் கருவி

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் உருவாகி, 2014-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்ட நைஃபை, பிரவுசரில் பெட்டிகளை இழுத்து இணைத்தே தரவை நகர்த்த உதவும் இலவசக் கருவி. அமேசானின் கிளவுட் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இயங்கும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் அட்டவணையில் பதிவுகளைச் சேர்க்க, இதன் 'புட்டேட்டாபேஸ்ரெக்கார்டு' பெட்டி ஒன்றே போதும். பதிவைச் சேர்க்கும் 'இன்செர்ட்' கட்டளையை நாம் எழுத வேண்டியதில்லை. தரவுத்தளத்துடன் பேச உதவும் ஜேடிபிசி டிரைவர் என்ற இணைப்பு நிரலை மட்டும் தனியாகத் தரவிறக்கி, அது இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும்.

ஒரு கோப்பின் பதிவுகள் எல்லாம் இயல்பாக ஒரே பரிவர்த்தனையாக (எல்லாம் ஏறும், அல்லது எதுவும் ஏறாது) செல்வதால், ஆயிரம் வரிகளில் ஒன்றின் தேதி பிசகினாலும் கோப்பு முழுவதும் பிழையானவற்றுக்கான தோல்விப் பாதைக்குத் திரும்பிவிடுகிறது. கண்டிப்புதான்; ஆனாலும் பாதி ஏறிய அட்டவணையைச் சுத்தம் செய்யும் தலைவலிக்கு இது எவ்வளவோ மேல். எனக்கு உடன்பாடில்லாதது வேறொன்று: மூலத்தில் புதிதாக ஒரு புலம் முளைத்து, அட்டவணையில் அதற்கு நெடுவரிசை இல்லாவிட்டால், இயல்பு அமைப்பில் அந்தப் புலம் சத்தமில்லாமல் கைவிடப்படுகிறது. பொருந்தாத புலத்துக்கான அமைப்பை 'ஃபெயில்' என்று முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது.

ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி இல்லாத அட்டவணையில் ஒரே கோப்பு மறுபடி ஓடினால் வரிகள் இரட்டிக்கும். இதைத் தவிர்க்க, அட்டவணைக்கு அத்தகைய சாவியைக் கொடுத்துவிட்டு, வரி ஏற்கெனவே இருந்தால் புதுப்பித்து, இல்லாவிட்டால் சேர்க்கும் 'அப்செர்ட்' கட்டளை வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பெட்டியின் அமைப்பில் தரவுத்தள வகையை 'ஜெனரிக்' (பொதுவானது) என்பதிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றினால்தான் அது வேலை செய்யும். நாளுக்கு ஒரு சிறு சிஎஸ்வி கோப்பை ஏற்றுபவர்களுக்கு, ஜாவாவும் நினைவகமும் கேட்கும் இந்த ஏற்பாடு தேவைக்கு மிஞ்சியதே.