விக்கிப்பீடியாவின் தானியங்கி மேற்கோள் கருவி எப்படி?

விஷுவல் எடிட்டரில் (குறியீடு இல்லாமல் பக்கத்தைப் பார்த்தபடியே தொகுக்கும் வசதி) கட்டுரைக்குச் சான்று சேர்க்க இதைவிட வேகமான வழி இல்லை. இணைய முகவரி, டிஓஐ (ஆய்விதழ்க் கட்டுரைகளின் அடையாளக் குறி), ஐஎஸ்பிஎன் (நூல்களின் அடையாள எண்) எதையாவது ஒட்டினால் தலைப்பும் தேதியும் தானாக நிரம்பிவிடும். ஆய்விதழ்க் கட்டுரைக்கு டிஓஐ கொடுத்தால் பெரும்பாலும் கைவைக்கவே வேண்டாம்.

செய்தித்தளங்களில்தான் தடுமாறுகிறது. பக்கத்தின் மெட்டா தரவை (பக்கத்தைப் பற்றி உள்ளே பதிந்திருக்கும் விவரங்களை) அப்படியே எடுப்பதால், ஆசிரியர் பெட்டியில் ‘செய்திப்பிரிவு’ வந்து உட்காரும்; தலைப்பின் வாலில் தளத்தின் பெயர் ஒட்டிக்கொள்ளும். செருகியதும் கட்டுரையில் தெரியும் சான்று எண்ணைச் சொடுக்கி, ‘தொகு’ அழுத்தித் திருத்திவிடுங்கள். ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய தமிழ் நூல்களுக்குக் கைமுறைதான். ஐஎஸ்பிஎன் இருந்தாலும் பக்க எண்ணை நீங்கள்தான் இட வேண்டும். அது இல்லாமல் முந்நூறு பக்க நூலில் யார் தேடுவார்கள்?

பெருங்குறை, ஒரே சான்றை மறுபடி பயன்படுத்தும்போது அந்தச் சான்றுக்குக் கருவி வைக்கும் ‘:0’, ‘:1’ என்ற பெயர்கள். இரு கட்டுரைகளை இணைத்தால் ஒரே பெயரில் இரண்டு சான்றுகள் மோதி, சிவப்பில் பிழைச்செய்தி வரும். மூல உரையில் (கட்டுரையின் குறியீட்டு வடிவத்தில்) அந்தப் பெயர் வரும் எல்லா இடத்திலும் ஆசிரியர் பெயரும் ஆண்டுமாக மாற்றிவிடுங்கள்.

சான்று அந்தச் சொற்றொடரைத் தாங்குகிறதா என்று கருவி பார்க்காது. பத்திக் கடைசியில் மொத்தமாக வைக்காமல், தகவல் முடியும் இடத்திலேயே வையுங்கள்.