மின்சக்கர நாற்காலியில் மூன்று தேசியப் பூங்காக்கள்: கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் – ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் மின்சக்கர நாற்காலி எங்கெல்லாம் செல்லும் என்று தேடுபவர்களுக்குப் பாதைகளின் பட்டியல் எளிதாகக் கிடைத்துவிடும். எந்தப் பாதை எத்தனை மைல், சரிவு எவ்வளவு, தரை தாரா மண்ணா மரப்பலகையா என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பட்டியலை மட்டும் நம்பிக் குடும்பத்தோடு கிளம்பிவிடக் கூடாது என்பதை, மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா ஆகியோருடன் இந்த மூன்று பூங்காக்களுக்கும் சென்று வந்த பிறகே நான் புரிந்துகொண்டேன். நாற்காலி போகுமா என்று கேட்டால் மூன்றுக்கும் 'போகும்' என்பதே விடை. ஒரு நாளில் நாற்காலியை எத்தனை முறை வேனிலிருந்து இறக்கி ஏற்ற வேண்டும் என்று கேட்டால்தான் மூன்றும் வெவ்வேறாகத் தெரிகின்றன. குடும்பம் ஒன்றாக இருக்குமா, பிரிந்து நிற்குமா என்பதையும் அந்த எண்ணிக்கையே தீர்மானிக்கிறது.

வேனில் ஏறுவது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாகத் தோன்றலாம். சாய்தளம் விரிய வேண்டும். நான் உள்ளே ஏறி, நெருக்கமான இடத்தில் முன்னும் பின்னுமாக நகர்ந்து நேராக நிற்க வேண்டும். மனைவி தரையில் மண்டியிட்டு, நாற்காலியின் நான்கு மூலைகளிலும் கொக்கிகளை மாட்டி, பட்டைகளை ஒவ்வொன்றாக இறுக்கி, கடைசியில் என் மார்புக்குக் குறுக்கே பெல்ட்டைப் போட வேண்டும். என்னையும் சேர்த்து அந்த நாற்காலியின் எடை 200 கிலோவுக்கு மேல் என்பதால் எந்தக் கொக்கியையும் விட்டுவிட முடியாது. ஒரு முறைக்கு ஆறேழு நிமிடங்கள் ஆகும். ஐந்தாவது நிறுத்தத்தில் மனைவியின் முதுகு வலிக்கத் தொடங்கும். ஆறாவது நிறுத்தத்தில், "நீங்க வண்டியிலேயே இருங்க, நாங்க ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடறோம்" என்பார். அம்மா உடனே, "நானும் இவன்கூடவே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார். இரண்டுமே அன்பில் வரும் சொற்கள்தான். ஆனால் அத்தோடு அந்த நாளில் குடும்பம் இரண்டாகிவிடுகிறது.

இந்த அளவுகோலில் கிராண்ட் கேன்யனின் தென் விளிம்புக்கு இணையாக மற்ற இரண்டையும் வைக்க முடியாது. அந்தப் பள்ளத்தாக்கின் மிகச் சிறந்த காட்சி விளிம்பில் நின்று பார்ப்பதுதான். அங்கேயே பாதையும் இருக்கிறது. தென் விளிம்புப் பாதை மொத்தம் 13 மைல், அதாவது 21 கிலோமீட்டர் நீளமுள்ளது. மேற்கே ஒரு பகுதி குறுகலான மண்பாதையாக இருந்தாலும், விடுதிகள் உள்ள 'கிராமப்' பகுதியிலிருந்து கிழக்கே மேத்தர் முனை என்ற காட்சியிடத்தைத் தாண்டியும் தளம் பாவிய பாதையே நீள்கிறது. காலையில் ஒரு முறை வேனிலிருந்து இறங்கினால் மாலையில்தான் மறுபடி ஏற வேண்டும். நாங்கள் பாதையோரத்திலேயே உண்டு, இளைப்பாறி, பள்ளத்தாக்கின் நிறம் வெயிலோடு மாறுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் முழுவதையும் ஒன்றாகக் கழித்தோம். மூன்று பயணங்களிலும் நான் யாரையும் காத்திருக்க வைக்காத நாளும், யாரும் என்னைக் காத்திருக்க வைக்காத நாளும் அது ஒன்றுதான்.

அந்தப் பாதையில் 'காலப் பாதை' என்றொரு பகுதி 2010-இல் அமைக்கப்பட்டது. ஒரு மீட்டர் தூரம் பத்து லட்சம் ஆண்டுகள் என்ற கணக்கில் தரையில் வெண்கலக் குறிகளைப் பதித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து எடுத்த பாறைகள், தொட்டுப் பார்க்கும்படி ஓரத்தில் நிறுத்தப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பழையதன் வயது 184 கோடி ஆண்டுகள். அதை எட்டுவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் கடந்தாக வேண்டும். என் மகள் ஒவ்வொரு குறியிலும் ஒரு காலை வைத்து எண்ணிக்கொண்டே நடக்க, நான் அவளுடைய நடைக்கு ஏற்றபடி ஜாய்ஸ்டிக்கை மெல்லத் தள்ளிக்கொண்டே போனேன். நாற்காலியின் வேகத்தைக் குழந்தையின் நடைக்கு இணையாக வைத்து, பக்கத்தில் பேசிக்கொண்டே போக முடிகிற அகலமான பாதை எவ்வளவு அரிது என்பது சக்கரத்தில் வாழ்பவர்களுக்குத் தெரியும். பாறைகளும் நான் கை நீட்டித் தொடும் உயரத்திலேயே இருந்தன.

குறை இல்லாமல் இல்லை. காட்சி முனைகள் சிலவற்றில் கம்பித் தடுப்பின் மேல்குழாய், உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக வந்துவிடுகிறது. இருக்கையை உயர்த்தும் வசதி உள்ள நாற்காலியாக இருந்தால் அதை அங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். விளிம்பையொட்டி மேற்கே செல்லும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. இலவசப் பேருந்துகளில் சாய்தளம் உண்டு என்றாலும், 30 அங்குல அகலத்துக்கும் 48 அங்குல நீளத்துக்கும் மிகாத நாற்காலிகளுக்கே இடம். கால் தாங்கியை நீட்டி வைத்த மின்சக்கர நாற்காலி இந்த நீளத்தை எளிதில் தாண்டிவிடும். பெரும்பாலான மின் ஸ்கூட்டர்கள் நுழையவே முடியாது. ஆகவே வீட்டிலேயே அளந்து பார்த்துக்கொள்வது அவசியம். அளவு மிஞ்சினால் கவலை வேண்டாம். நடமாட்டச் சிரமம் உள்ளவர்கள் சொந்த வாகனத்தில் அந்தச் சாலையில் செல்வதற்குத் தனி அனுமதிச் சீட்டு, பூங்கா நுழைவாயிலிலும் தகவல் மையங்களிலும் தரப்படுகிறது.

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு இதற்கு அடுத்த இடத்தில், ஆனால் மிக நெருக்கமாக நிற்கிறது. கிராண்ட் கேன்யனில் மேலிருந்து கீழே பார்க்கிறோம். இங்கே கீழிருந்து மேலே பார்க்கிறோம். நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டாவது வசதியானது, ஏனெனில் தலைக்கு மேல் 739 மீட்டர் உயரத்திலிருந்து விழும் யோசெமிட்டி அருவியை எந்தத் தடுப்பும் மறைப்பதில்லை. பள்ளத்தாக்கின் தரை தட்டையானது. மிதிவண்டிகளுக்காகப் போடப்பட்ட 12 மைல் நீளப் பாதையில் மின்சக்கர நாற்காலியும் ஓடலாம். பிள்ளைகள் வாடகை மிதிவண்டியில் முன்னே போக, நான் பின்னே போன அந்தக் காலை வேளையைக் கிராண்ட் கேன்யன் தர முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் யோசெமிட்டியின் செல்வங்கள் ஒரே இடத்தில் இல்லை. அருவி ஓரிடத்தில், கிளேசியர் முனை என்ற உயரக் காட்சியிடம் ஒரு மணி நேரப் பயணத்தில், செக்வோயா என்ற பெருமரங்களின் மாரிபோசாத் தோப்பு பூங்காவின் தெற்கு முனையில். ஒரு நாளில் மூன்று நான்கு முறை ஏறி இறங்க நேரும். அந்தத் தோப்பு மட்டும் அத்தனை சிரமத்துக்கும் தகுதியானது. 2018-இல் சீரமைப்பு முடிந்து திறக்கப்பட்டபோது, மற்ற வாகனங்களைத் தோப்பிலிருந்து தொலைவிலேயே நிறுத்திவிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அட்டை உள்ள வாகனங்களை மட்டும் உள்ளே 'கிரிஸ்லி ஜயன்ட்' மரத்தின் அருகில் வரை வர அனுமதித்தார்கள். ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டு வயதுடைய அந்த மரத்தின் அடியில் அம்மா தம் இரு கைகளையும் விரித்து அளந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல இருந்தா இதைச் சுத்தி மஞ்சள் துணி கட்டி இருப்பாங்க" என்றார். மிரர் ஏரிக்குச் செல்லும் சாலையிலும் அந்த அட்டைக்குச் சலுகை உண்டு.

பருவத்தைக் கவனிக்காமல் யோசெமிட்டிக்குப் போகக் கூடாது. பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் ஆர்ப்பரிக்கும் அருவி, ஆகஸ்டில் பெரும்பாலும் வற்றிவிடும். பள்ளி விடுமுறைக்கு ஏற்பத் திட்டமிடும் குடும்பங்கள் இதில்தான் ஏமாறுகின்றன.

யெல்லோஸ்டோனைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் இரண்டாகப் பிரிகிறது. 1872-இல் உருவான அந்தப் பூங்காவைப் போன்ற ஓர் இடம் உலகில் வேறில்லை. உலகிலுள்ள வெந்நீர் பீய்ச்சும் ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி அங்கேதான் இருக்கின்றன. கொதிக்கும் நிலத்தின் மேல் யாருமே கால் வைக்கக் கூடாது என்பதால், எல்லோருக்குமே மரப்பலகைப் பாதை போடப்பட்டிருக்கிறது. அதாவது, அங்கே என் பாதைதான் எல்லோருடைய பாதையும். கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்த உண்மையின் மறுபக்கம், பூங்காவின் வட்டச் சாலை 142 மைல் நீளமுள்ளது என்பதாகும். உள்ளே சுற்றிவரப் பொதுப் பேருந்து கிடையாது. ஒவ்வோர் ஊற்றுப் படுகைக்கும் ஒரு வாகன நிறுத்தம், ஒரு சாய்தளம், நான்கு கொக்கிகள். முதல் நாளில் நாங்கள் எட்டு முறை இறங்கி ஏறினோம். ஒன்பதாவது இடத்தில் நான் வண்டியிலேயே இருந்துவிட்டேன்.

மிட்வே படுகையில் உள்ள 'கிராண்ட் பிரிஸ்மாட்டிக்' ஊற்றே இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நூறு மீட்டருக்கும் அதிக அகலமுள்ள அந்த வண்ணக் குளத்துக்குப் பலகைப் பாதை போகிறது. தொடக்கத்தில் உள்ள ஏற்றம் செங்குத்தானது என்றாலும் நாற்காலி ஏறிவிட்டது. மேலே போய்ப் பார்த்தால், உட்கார்ந்த கண் உயரத்துக்கு விளிம்பில் ஒரு கீற்று ஆரஞ்சும் அதற்கப்பால் வெள்ளை நீராவியும் மட்டுமே தெரிந்தன. படங்களில் நாம் பார்க்கும் முழு வட்டம், எதிரே உள்ள குன்றின் மேல் அமைத்த காட்சி மேடையிலிருந்துதான் தெரியும். அந்தச் சரளைக்கல் ஏற்றத்தில் மனைவியும் பிள்ளைகளும் போய்வந்தார்கள். மகன் கைபேசியில் எடுத்து வந்த படத்தை என் மடியில் வைத்துக் காட்டினான். பட்டியலில் இந்த ஊற்றின் பக்கத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் இருக்கும். அது பொய்யும் அன்று. ஆனாலும் நானும் என் மகனும் ஒரே காட்சியைப் பார்க்கவில்லை.

பலகைப் பாதைகள் பலவற்றில் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி இல்லை என்பதையும், எதிரே கூட்டம் வந்தால் அகலமான நாற்காலி ஓரத்துக்குத் தள்ளப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நான் நடுவிலேயே நின்று, மற்றவர்களைச் சுற்றிப் போகச் சொல்லிவிடுவேன். காற்று திரும்பும்போது தெறிக்கும் நீர் ஜாய்ஸ்டிக்கில் புகாதபடி அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் வளையத்தோடு மாட்டிவைப்பதும் அங்கே பயன்பட்டது.

யெல்லோஸ்டோனுக்கும் ஒரு வழி இருக்கிறது: வட்டச் சாலையைச் சுற்றி முடிக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்றின் அருகே தங்கிவிட்டால், சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பீறிடும் அந்த ஊற்றையும், அங்கிருந்து 'மார்னிங் குளோரி' குளம் நோக்கிப் போகும் தார்ப்பாதையையும் வேனிலிருந்து ஒரே முறை இறங்கிப் பார்த்துவிடலாம். இரண்டாம் நாளை நாங்கள் அப்படித்தான் கழித்தோம். அந்த ஒரு நாள் கிராண்ட் கேன்யன் நாளுக்கு அருகில் வந்தது.

மின்சாரம் பற்றிப் பட்டியல்கள் ஒன்றும் சொல்வதில்லை. மின்சக்கர நாற்காலிக்கு இரவெல்லாம் சார்ஜ் ஏற வேண்டும். எனக்கு இரவில் சுவாசக் கருவியும் ஓட வேண்டும். யோசெமிட்டியின் முகாம் மைதானங்களில் வாகனங்களுக்கான மின் இணைப்பே கிடையாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் வாகன முகாமில் மட்டும் உண்டு. கிராண்ட் கேன்யன் தென் விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் என்ற வாகன முகாமில் உண்டு. கூடாரத்தில் தங்க ஆசைப்படும் குடும்பங்களுக்கு இந்த மூன்று வரிகளே முடிவைச் சொல்லிவிடும்.

கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தைப் பொறுத்தவரை யோசெமிட்டியே வசதியானது. அதன் பள்ளத்தாக்கு 1,200 மீட்டரில் இருக்கிறது. தென் விளிம்பு ஏறத்தாழ 2,100 மீட்டர், அதாவது நம் கொடைக்கானலின் உயரம். யெல்லோஸ்டோனின் பெரும்பகுதியும் 2,000 மீட்டருக்கு மேல்தான். தசை பலவீனத்தால் மூச்சு குறைவாக உள்ளவர்கள் முதல் நாளை ஓய்வுக்கு ஒதுக்குவது நல்லது. குளிர்ந்த காலைகளில் பேட்டரியும் வழக்கத்தைவிட விரைவில் இறங்குகிறது.

கட்டணத்தில் மூன்றுக்கும் வேறுபாடில்லை. நிரந்தர மாற்றுத்திறன் உள்ள அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றோருக்கும் வாழ்நாள் நுழைவு அட்டை இலவசம். உடன் வரும் வாகனத்தினருக்கும் சேர்த்தே அது செல்லும். வேலை விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு அந்த அட்டை கிடைக்காது. ஆனால் சட்ட உரிமை எல்லோருக்கும் பொது: நடந்து செல்வோர் அனுமதிக்கப்படும் எந்த இடத்திலும், வீட்டுக்குள் ஓட்டத் தகுந்த சக்கர நாற்காலியைத் தடுக்க முடியாது.

முதல் முறை செல்பவர்களுக்குக் கிராண்ட் கேன்யன் தென் விளிம்பை ஏப்ரல் அல்லது அக்டோபரில் பரிந்துரைப்பேன். மிதிவண்டி ஓட்டும் வயதில் பிள்ளைகள் இருந்தால், மே மாதத்து யோசெமிட்டியை அதற்கு முன்னேகூட வைக்கலாம். யெல்லோஸ்டோனுக்கு இரண்டு இடங்களில் தங்கி, குறைந்தது நான்கு இரவுகள் கொடுக்க முடிந்தால் மட்டுமே போக வேண்டும்.

எங்கே போனாலும், படியில்லாமல் நேராக உருட்டிச் செல்லும் குளியலறை கொண்ட அறைகள் சிலவே என்பதால், ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும்போது கட்டிலுக்கு அடியில் எத்தனை அங்குல இடைவெளி இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு விடுதியில் எல்லா வசதியும் உண்டு என்று சொல்லித் தந்த அறையில், கட்டில் தரையோடு ஒட்டிய பெட்டி வடிவில் இருந்தது. என்னைத் தூக்கி மாற்றும் ஹாயர் லிஃப்ட்டின் கால்கள் அதன் அடியில் நுழையவே இல்லை. அந்த இரவை நான் நாற்காலியிலேயே சாய்ந்தபடி கழித்தேன். இப்போதெல்லாம் அந்த அங்குலக் கணக்கை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெற்ற பிறகே முன்பணம் கட்டுகிறோம்.