இம்ப்ரூவ்ட் சிலிண்டரா, மாடிஃபைடா?

ஷாட்கன்னுக்கு (ஒரே வெடியில் பல சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) ஒரே ஒரு சோக் வாங்கப் போகும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் தயங்கி நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். குழல் முனையின் குறுக்கம்தான் சோக். அது கூடக்கூட ரவைகள் நெருங்கிப் பறக்கும்.

குறுக்கம் (‘12 போர்’ என்ற குழல் அளவில்): இம்ப்ரூவ்டில் சுமார் 0.010 அங்குலம், மாடிஃபைடில் 0.020.
40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் ஈய ரவை: ஏறக்குறைய 50 சதவீதம், 60 சதவீதம்.
வாகான தூரம்: 20–30 கஜம், 30–40 கஜம்.
விலை, உழைப்பு: பேதமில்லை.

வானில் எறிந்து சுடும் களிமண் தட்டுப் போட்டிகளில் (ஸ்கீட், ட்ராப்) குழப்பமே இல்லை. ஸ்கீட் தட்டு 20 கஜத்தை ஒட்டிக் குறுக்கே பாயும். விரிந்த வீச்சு வேண்டும், இம்ப்ரூவ்ட் போதும். ட்ராப் தட்டு விலகி ஓடும், 30 கஜம் தாண்டித்தான் உடையும், அங்கே மாடிஃபைட்.

பறவைகளில்தான் யோசிக்க வேண்டும். நாய்க்கு முன்னால் காலடியில் எழும் காடைக்கு இம்ப்ரூவ்ட். பருவக் கடைசியில் உஷாராகித் தொலைவிலேயே எழும்பும் ஃபெசன்டுக்கு மாடிஃபைட். வாத்து வேட்டைக்கு அமெரிக்காவில் 1991 முதல் ஈயம் தடை. எஃகு ரவை நசுங்காது, அதனால் நெருங்கியே பறக்கும். மாடிஃபைட் கிட்டத்தட்ட ஃபுல் சோக் (இதைவிடக் குறுக்கம் கூடியது) போல நடந்துகொள்ளும். பொம்மை வாத்தை நம்பி அருகே இறங்குபவைக்கு இம்ப்ரூவ்டே என் தேர்வு.

எதை வாங்கினாலும் உங்கள் தோட்டாவைக் காகிதத்தில் சுட்டு, ரவைகளை எண்ணிப் பாருங்கள். குறி பிசகிக் காயத்தோடு பறவை பறந்துபோவது கொடுமை.